இரண்டாம் எண் துப்பாக்கி

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் பெட்டியைத் திறந்ததோடு நிறுத்தியிருந்தேன். திறந்ததும் முதலில் பழைய எண்ணெய் வாசனை வந்தது. அதற்கு அடியில் கரிந்த வாசனை ஒன்றும் இருந்தது. பத்தொன்பது வருஷம் யாரும் தொடாத பெட்டி.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. அந்தப் பெரிய வீட்டில் நாலு தலைமுறையாக ஒரு ஜோடி வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது. இரட்டைக் குழல். இரண்டுக்கும் ஒரே மரத்தில் வெட்டிய கட்டை, ஒரே கை செதுக்கிய பூ வேலை. ஒன்றில் தங்கத்தால் 1 என்று பதித்திருக்கும், மற்றதில் 2. முதலாளி ஒன்றாம் எண்ணால் சுடுவார். அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் ரவைக்காரர் இரண்டாம் எண்ணில் தோட்டா போட்டு வைத்திருப்பார். காலியானது பின்னால் வரும், நிரம்பியது முன்னால் போகும். முதலாளி திரும்பிப் பார்க்க மாட்டார். திரும்பினால் வாத்து பறந்துவிடும்.

அந்த ரவைக்காரர் என் அப்பா.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு மத்தியானம் ஏரிக்கரையில் இரண்டாம் எண் முதலாளியின் கையில் வெடித்துச் சிதறியது. அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் போயின. குழலைத் துடைத்த துணியை அப்பா உள்ளேயே விட்டுவிட்டார் என்றார்கள். சாயங்காலமே நாங்கள் அந்த வீட்டுப் பின்கட்டிலிருந்து இரண்டு பெட்டி, ஒரு தையல் மிஷினோடு வெளியே வந்தோம். மற்றவர்கள் நம்பியதை விடுங்கள், அப்பாவே அதை நம்பினார். அன்றிலிருந்து எதையும் மூன்று முறை பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பூட்டு, கேஸ் அடுப்பு, பரீட்சைக்குப் போன நாட்களில் என் பேனா.

அந்தத் துப்பாக்கிதான் இப்போது நான் வேலை பார்க்கும் உலோகப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருந்தது. குழல் மாற்ற வேண்டுமாம். மாற்றுகிறவர், ஏன் வெடித்தது என்று எழுத்தில் கேட்கிறாராம். கொண்டுவந்து கொடுத்தது அந்த வீட்டு மகள்.

காலை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

வெடித்திருந்தது இடது குழல். தோட்டா உட்காரும் அறை முடிகிற இடத்தில், பின்பக்கத்திலிருந்து நாலு அங்குலத்தில், வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி எடுத்தேன். உள்சுவரில் நகக்கீறல் போல ஒரு கோடு தெரிந்தது. நேர்கோடு இல்லை, வளைந்த கோடு. லென்ஸை அருகில் கொண்டுபோனேன். அந்தக் கோட்டுக்குள் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

சுரண்டி எடுத்துச் சோதித்தேன். செம்பும் துத்தநாகமும். அதாவது பித்தளை.

உடனே பேனாவைக் கீழே வைத்தேன். நான் மட்டும் பார்த்தால், ரவைக்காரர் மகள் பார்த்த கண் என்று நாளைக்கு ஒருவன் சொல்வான். பக்கத்து மேஜை சீனியரைக் கூப்பிட்டேன். துப்பாக்கி யாருடையது, நான் யார் என்று எதையும் அவரிடம் சொல்லவில்லை.

"என்னம்மா, காலங்காத்தால துப்பாக்கியோட நிக்கிற? யார் மேல கோவம்?"

"லிஸ்ட் பெருசு சார். அதுக்கு முன்னாடி இந்தக் கோட்டைக் கொஞ்சம் அளந்து சொல்லுங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். இரண்டு முறை அளந்தார்.

"துணி அடைச்சு வெடிச்சதுன்னு எழுதியிருக்காங்க சார்."

"துணில ஏதும்மா பித்தளை? பட்டன் வச்சுத் தச்சிருந்தாங்களா?" சிரித்தவர், கோட்டை நீட்டி முழு வட்டமாகப் போட்டுப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "இது ஒரு தோட்டாவோட அடி விளிம்பு. இந்தத் துப்பாக்கி எத்தனாம் நம்பர்?"

"பன்னெண்டு."

"இந்த வட்டம் இருபது."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது குழல் அளவின் நம்பர், தங்கத்தில் பதித்த எண் வேறு. இந்த நம்பர் ஏற ஏறத் தோட்டா ஒல்லியாகும். பன்னிரண்டாம் நம்பர் துப்பாக்கியில் இருபதாம் நம்பர் தோட்டாவைப் போட்டால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய், குழல் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். திறந்து பார்க்கிறவருக்குத் தோட்டா அறை காலியாகத்தான் தெரியும். அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால், சுடுகிறவன் கைக்குள்ளேயே வெடிக்கும். இப்போதெல்லாம் இருபதாம் நம்பருக்கு மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டார்கள். அன்று அந்த வீட்டில் இருந்தவை எல்லாமே சிவப்பு.

"எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலாமா சார்?"

"போடு. ஆமா, நீ ஏன் அழற?"

"தூசி சார்."

"ஏ.சி. ரூம்ல தூசியா?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல மனுஷன். கையெழுத்து ஆனதும் முழுக் கதையையும் அவரிடம் சொன்னேன். அவர் காகிதத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு, "அளவு மாறாது, போ" என்றார்.

அந்த வீட்டு மகளுக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் வந்து நின்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போடவில்லை.

"உங்க வீட்ல இருபதாம் நம்பர் துப்பாக்கி யாருது?"

"என்னுது. பன்னெண்டாவது பிறந்தநாளுக்கு அப்பா குடுத்தாரு."

அவள் யோசிக்கவே இல்லை. அந்த வேகம்தான் என்னைச் சுட்டது. அந்தப் பதில் பத்தொன்பது வருஷமாக வாயிலேயே இருந்திருக்கிறது.

"உங்களுக்குத் தெரியும்," என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பாட்டு நேரம். எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டாங்க. ரெண்டு துப்பாக்கியும் வண்டியில சாத்தியிருந்துச்சு. இரண்டாம் நம்பரை ரவைக்காரரைத் தவிர யாரும் தொடக் கூடாது, எங்க வீட்டுப் பழக்கம் அது. அப்பாவே அவர் கையில இருந்துதான் வாங்குவாரு. அதனாலயே எனக்கு அதைத் தொடணும்னு ஆசை. பையில இருந்த என் தோட்டா ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன். உள்ள வழுக்கிட்டுப் போயிடுச்சு. விரலை விட்டுப் பார்த்தேன், வரல. யாரோ வர்ற சத்தம். மூடி வச்சுட்டு ஓடிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தச் சத்தம்." அவள் காதைத் தொட்டுக்கொண்டாள். "சாயங்காலம் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாங்க. நீதான் காரணம்னு தெரிஞ்சா உங்கப்பா உன் மூஞ்சியில முழிக்க மாட்டாருன்னாங்க. அம்மா போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பகூட அப்பா எதிர்ல வாயைத் திறந்தா யாரோ பொத்தற மாதிரி இருக்கு."

"அப்ப இதை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க? குழல் மாத்தவா?"

"நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் கொண்டு வந்தேன். நீங்க பார்த்தா கண்டுபிடிச்சுடுவீங்கன்னு..."

எனக்கு வந்த கோபத்தில் குரல் ஏறவில்லை, இறங்கியது.

"உங்க துப்பாக்கிக்குத் தோட்டா போட எங்கப்பா. உங்க தப்புக்கு வேலை போனதும் எங்கப்பாவுக்கு. இப்ப உங்க தப்பை நீங்க ஒத்துக்கறதுக்கும் எங்க வீட்டு ஆளுதான் உழைக்கணுமா?"

அவள் அழுதாள். நான் கைக்குட்டை கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. குழந்தை தொடும், அது குழந்தை. இருபது வயதிலும் இருபத்தைந்து வயதிலும் போன வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அவள் மேல்தான்.

"கண்ணைத் துடைச்சுக்கோங்க. இன்னிக்கே உங்கப்பாகிட்ட சொல்றீங்க. நான் பக்கத்துல நிக்கறேன். ஆனா உங்களுக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"கூட வர்றீங்களா?" என்றாள். பயந்தவளுக்குத் துணை கிடைத்த மாதிரி இருந்தது அவள் கேட்டது. எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

அந்த வீட்டில் துப்பாக்கிகளுக்கு என்று தனி அறை உண்டு. எங்கள் வீட்டைவிடப் பெரியது. காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்ட ஒரு கருவி சுவரில் மாட்டியிருந்தது. நாங்கள் இருந்த பின்கட்டில் மழைக்கு மழை சுவர் ஒழுகும். அங்கே யாரும் கருவி மாட்டவில்லை.

முதலாளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. மூன்று விரல் இடது கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். அலமாரியில் ஒன்றாம் எண் மட்டும் நின்றது. அதன் பக்கத்தில் பச்சைத் துணி விரித்த காலி இடம். அந்த விபத்துக்குப் பிறகு அவர் ஒற்றைத் துப்பாக்கியோடுதான் ஏரிக்குப் போகிறார், முதுகுக்குப் பின்னால் யாரையும் நிற்க விடுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அறிக்கையை நீட்டினேன். பொறுமையாகப் படித்தார். படித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இரண்டாம் நம்பரை யார் தொட்டது?"

விரல் போனதைக் கேட்கவில்லை. வேலையை விட்டுத் துரத்திய ஆளைக் கேட்கவில்லை. பழக்கத்தை மீறியது யார் என்று கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான்பா," என்றாள் மகள்.

"நீ பேசாம இரு. நான் இவங்களைக் கேக்கறேன்."

"அப்பா, நான்தான். என் தோட்டா. வண்டியில சாத்தியிருந்தப்ப நான்தான் எடுத்துப் போட்டேன்."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள், அம்மா வாயைப் பொத்தியது வரை. யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை. முதலாளி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மகளின் தலையில் அந்த மூன்று விரல் கையை வைத்தார்.

"இத்தனை வருஷம் தனியா வச்சிருந்தியா?" என்றார்.

எனக்கு அங்கே உருகிப்போய் நிற்கத் தோன்றவில்லை. தனியாக வைத்திருந்தவர் இன்னொருவர் உண்டு. என் அப்பா, ஒரு கிடங்கு வாசலில் காவல்காரராக.

அது முதலாளிக்கும் தோன்றியிருக்க வேண்டும். எழுந்துபோய் மேல்தட்டிலிருந்து வேட்டைப் புத்தகத்தை எடுத்தார். எந்த நாள், என்ன காற்று, யார் யார் வந்தார்கள், எத்தனை வாத்து என்று நாலு தலைமுறையாக எழுதிவரும் தோல் அட்டைப் புத்தகம். அந்தப் பக்கத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, தானாகத் திறந்தது. அவருடைய கையெழுத்து: *ரவைக்காரன் குழலில் துணியை விட்டுவிட்டான். நீக்கப்பட்டான்.*

பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனார்.

"நிறுத்துங்க," என்றேன். பேச மாட்டேன் என்று சொன்னது மகளுக்குத்தான், அவருக்கு இல்லை. "இந்த ரூம்ல கதவைச் சாத்திட்டு அடிச்சா யாருக்குத் தெரியும்? எங்கப்பாவை ஏரிக்கரைல பதினஞ்சு பேர் முன்னாடி துரத்தினீங்க."

"வண்டி அனுப்பி வரச் சொல்றேன்."

"வரமாட்டாரு. நீங்க வாங்க. மூணு மாடி. லிஃப்ட் கிடையாது."

மகள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். அந்த வீட்டில் அவரிடம் இப்படிப் பேசியவர்கள் இல்லை போலிருக்கிறது. அவர் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"நீ ரவைக்காரன் பொண்ணா?"

"ஆமா. உங்க துப்பாக்கியைச் சோதிச்சதும் நான்தான். சந்தேகம் இருந்தா வேற எங்க வேணும்னாலும் குடுத்துப் பாருங்க, இதேதான் வரும்."

பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "அஞ்சு மணிக்கு வீட்ல இருப்பாரா?"

நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா மிஷினில் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கிடங்கிலிருந்து வந்து, கேஸ் அடுப்பை மூன்றாவது முறையாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே சொன்னேன். "அப்பா, துணி இல்ல. உள்ள இருந்தது தோட்டா. இருபதாம் நம்பர். நீங்க போடல."

அப்பா அடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எந்தக் குழல்?"

"இடது."

"எத்தனை அங்குலத்துல?"

"நாலு."

அவர் கண்ணை மூடினார். வலது கை தானாக எழுந்து காற்றில் எதையோ திறந்தது. இரண்டு விரல் எதையோ உள்ளே தள்ளியது. மூடியது. அந்தக் கை வேகத்தை நான் எட்டு வயதில் பார்த்தது.

"துடைச்சு, குழல் வழியா வானத்தைப் பாத்துட்டுத்தான் சாத்தினேன். சுத்தமா இருந்துச்சு. திரும்பி வந்து எடுத்தப்ப, வாத்து வந்துடுச்சு சீக்கிரம்னாரு முதலாளி. அதை நம்மைத் தவிர யார் தொடப்போறாங்கன்னு மறுபடி பாக்கல," என்றார். "ஆனா பாப்பா, ஆறு துணி கொண்டுபோனேன். அஞ்சுதான் திரும்பி வந்துச்சு."

"ஏரிக்கரைல காத்து அடிக்காதாப்பா? எங்கயாவது பறந்திருக்கும். குழல்ல துணி இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

அப்பா தரையில் உட்கார்ந்தார். அழுவார் என்று பயந்தேன். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ கடன் வாங்கிப்போய் இப்போது திருப்பிக் கொடுத்த மாதிரி.

அழுதது அம்மாதான். அழுகையும் திட்டும் சேர்ந்து வந்தது.

"இந்த மனுஷன் பத்தொன்பது வருஷமா ராவும் பகலும் அடுப்பைத் திருகறாரு. பாதித் தூரம் போன பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்டைப் பாக்க வந்திருக்காரு. என் தங்கச்சி கல்யாணத்துக்குத் தாலி கட்டினதுக்கு அப்புறம்தான் போய்ச் சேந்தோம்! இதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

"அஞ்சு மணிக்கு முதலாளி வராரு. அவர்கிட்டயே கேளு."

"இங்கயா? இந்த வீட்டுக்கா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வரட்டும். டீ போட மாட்டேன்."

"டீ போடு," என்றார் அப்பா.

"போடறேன். சக்கரை போட மாட்டேன்."

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது. வாசலில் முதலாளி நின்றபோது நெற்றியெல்லாம் வியர்வை. வேட்டைப் புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தார். அவருக்கு ஒரு படி கீழே மகள். பக்கத்து வீட்டுக் கதவுகள் இரண்டு திறந்திருந்தன. அவற்றைச் சாத்தச் சொல்ல நான் போகவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அப்பா இருந்தார். முதலாளியைக் கண்டதும் அவர் உடம்பு தானாக எழுந்தது. அம்மா தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"உக்காருங்க," என்றாள், அப்பாவிடம். பிறகு தையல் மிஷின் ஸ்டூலைக் காலால் தள்ளி, "நீங்களும்தான்," என்றாள்.

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் வாசலில் நின்றபடியே, "என்னாலதான். மன்னிச்சுடுங்க," என்றாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"உங்களை ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டேன்," என்றார் முதலாளி. "அதுக்கு என் பொண்ணு காரணம் இல்ல. நான்தான்." புத்தகத்தைத் திறந்து அப்பா மடியில் வைத்தார். "அடிச்சுட்டு என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க. அந்த எழுத்துலயே எழுதறேன்."

அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பவர். அந்த ஒரு வரியை விரல் வைத்து, மெதுவாக, கடைசி வரை படித்தார்.

"அந்தப் பொண்ணு தோட்டா போட்டது உண்மை. அதை எழுதுங்க," என்றார். "ஆனா அதோட நிறுத்தினா அதுவும் பாதிதான். ரவைக்காரன் இரண்டாம் நம்பரை விட்டு நகரக் கூடாது. அன்னிக்கு நான் கால் மணி நேரம் நகர்ந்தேன். எங்க போனேன்னு இத்தனை வருஷத்துல யாரும் கேக்கல. எல்லாரும் துணின்னு முடிவு பண்ணிட்டோம்."

"வேணாங்க," என்றாள் அம்மா சட்டென்று. "அதை மட்டும் சொல்லாதீங்க."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த டீ டம்ளரைப் பார்த்தாள்.

"இல்ல," என்றார் அப்பா. "இந்தப் புத்தகத்துல என் பேர் இனிமே நிக்கறதுன்னா நடந்தது நடந்தபடி நிக்கணும். பயந்து பயந்து போதும்."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மூன்று விரலால் பக்கத்தை அழுத்திப் பிடித்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தேழு வருஷத்தில் நான் கேட்டறியாத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது. ஏரிக்கரையில் அந்த முதுகுக்குப் பின்னால் நின்று 'தயார்' என்று சொன்ன குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"எழுதுங்க," என்றார்.